எச்டிடிபி ஹெடர்: காப்பி பண்றதா, பஃபர்லயே விட்டுடறதா?

கேள்வி இதுதானே: சி-ல சின்னதா ஒரு எச்டிடிபி சர்வர் லைப்ரரி எழுதறீங்க, வர்ற ஹெடர் (ரிக்வெஸ்ட்டோட தொடக்கத்துல வர்ற 'பேரு: மதிப்பு' வரிங்க) எல்லாத்தயும் காப்பி பண்ணி ஹேஷ்மேப்ல (பேர குடுத்தா மதிப்ப தர்ற டேபிள்) போடறதா, இல்ல வந்த பஃபர்லயே (நெட்வொர்க்லருந்து வந்த பைட்டுங்க விழற மெமரி) கெடக்கட்டும்னு விட்டுட்டு பாயிண்டரும் (மெமரி முகவரி) நீளமும் மட்டும் வெச்சுக்கறதா. ரெண்டாவதுதான் ஃபாஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா பெரிய பெரிய லைப்ரரிங்க நிறைய முதல் வழியிலதானே போகுது, ஏன்னு கேட்டிருக்கீங்க.

ஃபாஸ்ட்ங்கறது உண்மைதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பார்சிங்தான் (வந்த டெக்ஸ்ட்ட பிரிச்சு எடுக்கறது) காஸ்ட்லி வேலைன்னு நெனச்சுட்டு இதுக்குள்ள எறங்குனா தப்பான எடத்துல மெனக்கெடுவீங்க. கோலன் எங்க இருக்கு, லைன் எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்கறதுக்கு இன்னிக்கு சிபியூ கிட்டத்தட்ட காசே வாங்கறதில்ல. கண்டுபிடிச்ச பைட்டுங்க யாருக்கு சொந்தம், எவ்ளோ நேரம் உயிரோட இருக்கணும், அங்கதான் டைமும் போகுது மெமரியும் போகுது, பக்கும் அங்கயேதான் வருது.

ஒரு கணக்கு பாப்போம். நோட்.ஜேஎஸ்-ல (சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டறது, சுருக்கமா நோட்) 2019-ல 12-ஆம் வெர்ஷன்லருந்து டிஃபால்ட்டா வந்த எல்எல்எச்டிடிபி பார்சரோட ரீட்மீயில ஒரு பெஞ்ச்மார்க் போட்டிருப்பாங்க, பழைய எச்டிடிபி-பார்சர் செகண்டுக்கு சுமார் 695 எம்பி, புதுசு சுமார் 1777 எம்பி. ரிக்வெஸ்ட் கணக்குல அது செகண்டுக்கு 35 லட்சத்துக்கு மேல, அதாவது ஐநூறு பைட் சொச்சம் உள்ள ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 0.28 மைக்ரோசெகண்ட். இப்ப அதே ரிக்வெஸ்ட்ல 15 ஹெடர் இருக்குன்னு வைங்க, பேருக்கு ஒண்ணு மதிப்புக்கு ஒண்ணுன்னு 30 மேலாக் (சி-ல மெமரி கேட்டு வாங்கற அழைப்பு) போட்டீங்கன்னா, ஒண்ணு வெறும் 20 நானோசெகண்ட்னு ரொம்ப தாராளமா வெச்சாலும் 0.6 மைக்ரோசெகண்ட் ஆச்சு, ஃப்ரீ பண்றது (திருப்பிக் குடுக்கறது) தனி, ஹேஷ் போடறது தனி, கேஷ் மிஸ் (சிபியூவோட வேக மெமரில டேட்டா இல்லாம போறது) தனி. பார்ஸ் பண்ண நேரத்தவிட எடுத்து வெக்கற நேரம் டபுள். பிகோஎச்டிடிபிபார்சர்ங்கற சி லைப்ரரில எஸ்எஸ்இ 4.2ங்கற சிபியூ இன்ஸ்ட்ரக்‌ஷன் வெச்சு ஒரே அடியில 16 பைட் பாக்கறத பாத்துட்டு நெறைய பேர் ஆகா இதுதான் ரகசியம்னு கெளம்பிடறாங்க, ஆனா அந்த லைப்ரரியோட பெரிய பலம் அது ஒரு மேலாக்கூட போடறதில்லங்கறதுதான்னு நான் சொல்லுவேன், எஸ்எஸ்இ அதுக்கு மேல ஒரு போனஸ்.

சரி, அப்ப காப்பி பண்றவங்க எல்லாம் முட்டாளா? இல்ல. கோ லாங்குவேஜோட நெட்/எச்டிடிபி பாருங்க, அங்க ஹெடர்னா ஸ்ட்ரிங்லருந்து ஸ்ட்ரிங் ஸ்லைஸுக்கு (ஸ்ட்ரிங் வரிசைக்கு) ஒரு மேப். 64-பிட் மெஷின்ல ஸ்ட்ரிங் டிஸ்கிரிப்டர் (எங்க இருக்கு, எவ்ளோ நீளம்ங்கற குறிப்பு) 16 பைட், ஸ்லைஸ் டிஸ்கிரிப்டர் 24 பைட், அந்த ஸ்லைஸுக்குள்ள இருக்கற ஸ்ட்ரிங்குக்கு இன்னொரு 16, ஆக 56 பைட். மேப்போட சொந்த செலவ இன்னும் சேக்கல. ஆக்செப்ட் ஹெடர்ல வர்ற நட்சத்திரம்-ஸ்லாஷ்-நட்சத்திரம்ங்கற மூணு பைட்ட வெக்க 56 பைட் நிர்வாகச் செலவு. அது அவங்களுக்கும் தெரியும், அதனாலதான் உள்ள நாலஞ்சு வேலை பண்ணி வெச்சிருக்காங்க, ஹோஸ்ட், யூசர்-ஏஜென்ட் மாதிரி அடிக்கடி வர்ற பேருங்களுக்கு ஒரு ரெடிமேட் டேபிள் இருக்கு, பேர் அதுல இருந்தா புதுசா அலொகேட் பண்றதில்ல. ஒவ்வொரு ஹெடருக்கும் தனித்தனியா ஒத்த ஸ்லைஸ் அலொகேட் பண்றதுக்கு பதிலா, எத்தன ஹெடர் வரும்னு முன்னாடியே எட்டிப்பாத்து எண்ணி, ஒரே பெரிய ஸ்லைஸா வாங்கி துண்டு போட்டுக் குடுப்பாங்க.

இந்த எட்டிப்பாக்கற வேலைதான் பின்னாடி வம்பாச்சு. பஃபர்ல எத்தன நியூலைன் இருக்குன்னு எண்ணித்தான் ஹெடர் எத்தனன்னு குத்துமதிப்பா எடுத்தாங்க. ஹெடர் முடிஞ்சு பாடி ஆரம்பிக்கற எடத்துல நிறுத்தணும்ங்கறது அந்தக் கணக்குல இல்ல. எவனாவது ரெண்டு ஹெடர் அனுப்பிட்டு பாடி முழுக்க வெறும் நியூலைனா அனுப்புனா, 4 கேபி பஃபருக்கு கிட்டத்தட்ட 4000 ஹெடர் வரப்போகுதுன்னு நம்பி, அந்த ஸ்லைஸுக்கு மட்டும் 64 கேபி போயிடும், மேப்புக்கும் அதே எண்ணிக்கைல எடம் புடிச்சு வெக்கும் அது அதவிட பெருசு. அனுப்பறவனுக்கு ஒரு பைட், வாங்கறவனுக்கு பல மடங்கு. சிவிஇ-2023-24534னு பாதுகாப்பு ஓட்டைக்கான நம்பர் குடுத்து 2023 ஏப்ரல்ல கோ 1.20.3, 1.19.8 ரெண்டுலயும் சரி பண்ணாங்க, இப்ப காலி லைன் வந்தா எண்றத நிறுத்திடும், ஆயிரத்துக்கு மேல நம்பவும் நம்பாது. அலொகேஷன குறைக்கறதுக்காக போட்ட ஆப்டிமைசேஷனே மெமரிய திங்கற ஓட்டை ஆச்சு, நீங்க எந்த வழியில போனாலும் இத ஞாபகம் வெச்சுக்கங்க: நெட்வொர்க்லருந்து வந்த எண்ணிக்கைய நம்பி முன்கூட்டியே மெமரி வாங்காதீங்க.

ஆனா இவ்ளோ செலவு பண்ணி கோ காரங்க வாங்கறது என்னன்னா நிம்மதி. ஹேண்ட்லர்ல (ரிக்வெஸ்ட்டுக்கு பதில் சொல்ற உங்க கோடு) வாங்குன ஹெடர அடுத்த கோரூட்டினுக்கு (கோ-ல கூடவே ஓடற இன்னொரு வேலை) அனுப்பலாம், கேஷ்ல போட்டு வெக்கலாம், ரெண்டு மணி நேரம் கழிச்சு லாக் பண்ணலாம், அது மாறாது. இதே கோ-ல ஃபாஸ்ட்எச்டிடிபின்னு ஒண்ணு இருக்கே, அது மேப்பெல்லாம் இல்லாம கீ-வேல்யூ ஸ்லைஸ் ஒண்ணு வெச்சுகிட்டு ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் அதே மெமரிய திரும்பத் திரும்ப உபயோகிக்கும், நெசமாவே வேகம். பதிலுக்கு ஹேண்ட்லர் முடிஞ்சதுக்கு அப்பறம் ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டோட எந்த துண்டையும் கையில வெச்சிருக்கக் கூடாதுன்னு டாக்குமெண்ட்ல தெளிவா எழுதியிருக்காங்க, அதுமேல கட்டுன ஃபைபர் ஃப்ரேம்வொர்க்லயும் அதே எச்சரிக்கை உண்டு, வேணும்னா காப்பி எடுத்துக்கோன்னு. எத்தன பேர் படிக்கறாங்க? பின்னணில ஓடற கோரூட்டின்ல யூசர்-ஏஜென்ட்ட லாக் பண்ணுவாங்க, லோக்கல்ல ஒரே ஆள் டெஸ்ட் பண்றப்ப எல்லாம் சரியா வரும், லோடு ஏறுனதும் ஒருத்தரோட ரிக்வெஸ்ட் லைன்ல இன்னொருத்தரோட யூசர்-ஏஜென்ட் வரும். யூசர்-ஏஜென்ட் மாறுனா சிரிச்சுட்டு போயிடலாம், அந்த எடத்துல செஷன் குக்கி இருந்தா?

நீங்க சி-ல எழுதறதால பாயிண்டர் வழியில உங்களுக்கு தொல்லை இன்னும் ஒரு படி மேல. பஃபர் 4 கேபி வெச்சீங்க, ஏழு ஹெடர் பார்ஸ் பண்ணி பாயிண்டர் எடுத்து வெச்சாச்சு, எட்டாவது ஹெடர் ஒரு பெரிய குக்கி, எடம் பத்தல, ரீஅலாக் (பஃபர பெருசாக்கற அழைப்பு) போட்டீங்க, பஃபர் வேற எடத்துக்கு நகந்துடுச்சு. ஏழு பாயிண்டரும் செத்துப்போன மெமரிய காட்டிட்டு நிக்கும். அதனால பாயிண்டர் வேண்டாம், பஃபரோட ஆரம்பத்துலருந்து எத்தனாவது பைட்ங்கற ஆஃப்செட் வைங்க. மெமரியும் மிச்சம், பேரோட பாயிண்டர், நீளம், மதிப்போட பாயிண்டர், நீளம்னு நாலு எட்டு 32 பைட் ஆகற எடத்துல, பஃபர் 64 கேபிய தாண்டாதுன்னு முடிவு பண்ணிட்டா நாலும் 16-பிட் நம்பர், மொத்தம் 8 பைட். ஒரு கேஷ் லைன்ல (சிபியூ மெமரிலருந்து ஒரே தடவைல எடுக்கற 64 பைட்) எட்டு ஹெடரோட இண்டெக்ஸ் உக்காந்துடும்.

இன்னும் இறுக்கலாமேன்னு கை பரபரக்கும், அங்க ஜாக்கிரதை. எச்ஏப்ராக்ஸி (சர்வருங்களுக்கு முன்னாடி நின்னு ரிக்வெஸ்ட்ட பிரிச்சு அனுப்பற சாஃப்ட்வேர்) உள்ள எச்டிஎக்ஸ்னு ஒரு வடிவத்துல ஹெடர வெக்கறாங்க, ஒவ்வொரு பிளாக்குக்கும் 32 பிட் இன்ஃபோ, அதுல 4 பிட் என்ன வகைன்னு, 20 பிட் மதிப்போட நீளம், 8 பிட் பேரோட நீளம். 8 பிட்னா 255 வரைக்கும்தான். 255க்கு மேல நீளமான பேர் வந்தா என்ன ஆகும்னு ஒரு எடத்துல செக் விட்டுப்போச்சு, மிச்சம் வழிஞ்சு பக்கத்துல இருக்கற மதிப்பு நீளத்துக்குள்ள போய் விழுந்துது. 2021 செப்டம்பர்ல ஜேஃப்ராக் கம்பெனி ஆளுங்க இத வெளில கொண்டுவந்தாங்க, சிவிஇ-2021-40346. கன்டென்ட்-லெங்த்னு ஆரம்பிக்கற ஒரு நீளமான போலி பேர அனுப்பி, எச்ஏப்ராக்ஸி ஒரு நீளம் நெனைக்க பின்னாடி இருக்கற சர்வர் வேற நீளம் நெனைக்க, நடுவுல ஒரு முழு ரிக்வெஸ்ட்டயே கடத்திட்டு போகலாம். பிட் மிச்சம் பண்றது தப்பில்ல, பண்ற ஒவ்வொரு எடத்துலயும் எழுதறதுக்கு முன்னாடி எல்லைய செக் பண்ணணும், அவ்ளோதான்.

பாயிண்டர் வழியோட இன்னொரு தொல்லை மெதுவாத்தான் தெரியும். ஒரு சின்னத் துண்டுக்காக மொத்த பஃபரும் உயிரோட நிக்கும். ரொம்ப நேரம் தொறந்தே நிக்கற வெப்சாக்கெட்ட எடுத்துக்கங்க, ஹேண்ட்ஷேக் ரிக்வெஸ்ட்ல வந்த ஆத்தரைசேஷன் ஹெடர ஒரு ஓரமா வெச்சுகிட்டா 8 கேபி பஃபர் முழுக்க அந்த கனெக்‌ஷன் மூடற வரைக்கும் அப்படியே நிக்கும், பத்தாயிரம் கனெக்‌ஷன்னா 80 எம்பி, அதுல உபயோகம் ஒரு எம்பி கூட இருக்காது. ஜாவால சப்ஸ்ட்ரிங் இதே மாதிரிதான் மூல ஸ்ட்ரிங்கோட எழுத்து வரிசைய பகிர்ந்துட்டு இருந்துது, 2012-ல 7-ஆம் வெர்ஷனோட அப்டேட் 6-ல அத தூக்கிட்டு காப்பி எடுக்கற மாதிரி மாத்துனாங்க. கோ-ல துண்டு ஸ்ட்ரிங் இன்னும் பெரிய ஸ்ட்ரிங்க பிடிச்சுட்டுதான் இருக்கும், அதுக்காகவே 1.18-ல ஸ்ட்ரிங்ஸ் டாட் க்ளோன்னு ஒரு ஃபங்‌ஷன் சேத்தாங்க.

ரெண்டுக்கும் நடுவுல நல்ல வழிங்க இருக்கு, எனக்கு புடிச்சது ரஸ்ட் மொழியில ஹைப்பர்ங்கற லைப்ரரி பண்றது. அதுக்குள்ள எச்டிடிபார்ஸ்ங்கற பார்சர் ஸ்டாக்லயே ஒரு அர்ரேல துண்டுகள குறிச்சுக் குடுக்கும், டிஃபால்ட்டா நூறு ஹெடர் வரைக்கும். ஹைப்பர் அத ஆஃப்செட்டா மாத்திகிட்டு, ஹெடர் இருக்கற பகுதிய மட்டும் பஃபர்லருந்து அறுத்தெடுத்து இனி யாரும் எழுத முடியாதபடி உறைய வெச்சுடும், ஒவ்வொரு மதிப்பும் அதுக்குள்ள ஒரு ரெஃபரன்ஸ் கவுண்ட் (எத்தன பேர் கையில வெச்சிருக்காங்கங்கற எண்ணிக்கை) உள்ள துண்டு. காப்பி இல்ல, ஆனா எவ்ளோ நேரம் வேணாலும் பத்திரமா வெச்சுக்கலாம். பேரு தெரிஞ்ச ஹெடர்னா வெறும் ஈனம் (enum, உள்ள ஒரு நம்பர்தான்), தெரியாத பேர்னா மட்டும் காப்பி. செலவு என்னன்னா மேல சொன்ன அந்த சின்னத்துண்டுக்கு பெரிய பஃபர் நிக்கற பிரச்சினையும், அந்த எண்ணிக்கைய அட்டாமிக்கா (த்ரெட்டுங்க மோதிக்காதபடி) ஏத்தி எறக்கறதும்.

நோட் வேற மாதிரி சோம்பேறித்தனம் பண்ணுது. பேரு, மதிப்பு, பேரு, மதிப்புன்னு தட்டையான ஒரே அர்ரேவா வெச்சுக்கும், ஹெடர்ஸ்ங்கற ஆப்ஜெக்ட்ட நீங்க தொட்டாதான் கட்டும், இது 15.1-லருந்து. மெட்ரிக்ஸ் எண்ட்பாயிண்ட் மாதிரி ஹெடரே பாக்காத ஹேண்ட்லருக்கு அந்த செலவே இல்ல. டாட்நெட்ல கெஸ்ட்ரல்ங்கற வெப் சர்வர் தெரிஞ்ச ஹெடர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபீல்டே வெச்சிருக்கு, பேர எட்டு எட்டு பைட்டா ஒரே நம்பரா படிச்சு ஒப்பிடும், அதோட ஒரே கனெக்‌ஷன்ல அடுத்த ரிக்வெஸ்ட்லயும் அதே யூசர்-ஏஜென்ட் வந்தா புது ஸ்ட்ரிங் கட்டாம பழையதையே எடுத்துக்கும், பிரவுசர் ஒவ்வொரு தடவையும் அதே நூறு பைட்ட அனுப்பறதால இது நல்லாவே வேலை செய்யுது, ஆனா சும்மா கெடக்கற கனெக்‌ஷன்லயும் அந்த ஸ்ட்ரிங்குங்க நிக்கும்ல, அதான் வேணாம்னா அணைக்க ஆப்ஷன் வெச்சிருக்காங்க. பைத்தான்ல ஸ்டாண்டர்ட் லைப்ரரியோட எச்டிடிபி க்ளையண்ட் ஹெடர பார்ஸ் பண்ண ஈமெயில் பார்சரத்தான் கூப்பிடுது, அத பத்தி இதுக்கு மேல சொல்ல வேணாம்.

தேடறதுக்கு ஹேஷ்மேப் வேணுமான்னு கேட்டா, பதினஞ்சு இருபது ஹெடருக்கு வேணாம். மொதல்ல நீளம் ஒத்துப்போகுதான்னு பாத்து, அப்பறம் சின்ன எழுத்து பெரிய எழுத்து பாக்காம ஒப்பிட்டு வரிசையா போனாலே போதும், எல்லாம் கேஷ்லதான் இருக்கும். ஹேஷ்மேப் போட்டீங்கன்னா எதிராளி குடுக்கற கீ-க்கு ஹேஷ் போடறீங்க, 2011 டிசம்பர்ல பெர்லின் கேயாஸ் ஹேக்கர் மாநாட்டுல காட்டுனாங்களே, ஒரே ஹேஷ் வர்ற மாதிரி கீ-ங்கள பொறுக்கி அனுப்பி சர்வர முடக்கறது, அந்தக் கதை வரும், அப்பறம் சிப்ஹேஷ் மாதிரி எதிராளி ஊகிக்க முடியாத, கொஞ்சம் மெதுவான ஹேஷ் வேணும். ரஸ்ட்டோட ஹெடர்மேப் சாதாரணமா லேசான ஹேஷ் போட்டுட்டு, மோதல் சந்தேகப்படற அளவுக்கு ஏறுனா மட்டும் சிப்ஹேஷுக்கு மாறிக்கும், புத்திசாலித்தனம்தான் ஆனா உங்க சைஸ் லைப்ரரிக்கு அதிகம்.

பாதி பாதியா வர்ற டேட்டாவ மறந்துடாதீங்க. பிகோஎச்டிடிபிபார்சர் ஒவ்வொரு தடவையும் முதல்லருந்து பார்ஸ் பண்ணும், முடியலன்னா மைனஸ் 2 திருப்பும். ஒருத்தன் ஒவ்வொரு பைட்டா அனுப்புனா 8 கேபி ஹெடருக்கு எட்டாயிரம் தடவை மறுபடி மறுபடி பாக்கணும், வர்க்கக் கணக்குல ஏறும். அதுக்குத்தான் போன தடவை எவ்ளோ பைட் இருந்துதுன்னு ஒரு ஆர்க்யுமென்ட் கேக்கும், அதக் குடுத்தா ஹெடர் முடிவு வந்துடுச்சான்னு புதுசா வந்த பைட்டுல மட்டும் மொதல்ல பாத்துக்கும், சீரோ அனுப்பிட்டு போயிடாதீங்க. எல்எல்எச்டிடிபி மாதிரி ஸ்டேட் மெஷினுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, விட்ட எடத்துலருந்து தொடரும், ஆனா ஒரு மதிப்பு ரெண்டு பாக்கெட்ல வந்தா கால்பேக்கும் (அது உங்க கோட கூப்பிடறது) ரெண்டு தடவை வரும், ஒட்டவெக்கற வேலை உங்க தலைல. கடைசில ஒட்டறதுக்கு பஃபர் வேணும்தானே.

அடுத்தது லிமிட், இத கடைசில பாத்துக்கலாம்னு விடறவங்கதான் அதிகம். ஹெடர் இவ்ளோதான் இருக்கணும்னு ஆர்எஃப்சி (இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) எதுவும் எல்லை வெக்கல, ஆளாளுக்கு ஒண்ணு: அப்பாச்சி ஒரு ஹெடருக்கு 8190 பைட், எண்ணிக்கை 100, கோ மொத்தம் 1 எம்பி, கெஸ்ட்ரல் 32 கேபி. நோட் 2018 நவம்பர்ல பாதுகாப்பு காரணமா 80 கேபிலருந்து 8 கேபிக்கு எறக்குச்சு, பெரிய குக்கி வெச்சிருந்தவங்க சைட்டெல்லாம் அடி வாங்குச்சு, அப்பறம் 16 ஆக்குனாங்க. ஆனா லிமிட்ட ஏத்தறது இலவசமா இல்லையாங்கறது உள்ள எப்படி எழுதியிருக்குங்கறத பொறுத்தது. ஜாவா வெப் சர்வர் டாம்கேட்ல டிஃபால்ட் 8192 பைட், ஜேடபிள்யூடி டோக்கன் (ஹெடர்ல வர்ற லாகின் அடையாளம்) பெருசாயி 400 எரர் வந்துச்சுன்னு கூகுள் பண்ணி யாரோ சொன்னத பாத்து ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) 2.x காலத்து கான்ஃபிக்ல 10 எம்பின்னு போட்டுடுவாங்க. டாம்கேட் அந்த சைஸ உச்சவரம்பா மட்டும் எடுத்துக்கறதில்ல, இன்புட்டுக்கு ஒண்ணு அவுட்புட்டுக்கு ஒண்ணுன்னு அந்த சைஸ் பஃபர முன்கூட்டியே வாங்கிடும். டிஃபால்ட் 200 த்ரெட்டும் ஓடுனா 200 இன்ட்டு 20 எம்பி, 4 ஜிபி. ஹீப் டம்ப் (மெமரில இருக்கறதோட நகல்) எடுத்துப் பாத்தா எச்டிடிபி11அவுட்புட்பஃபர்னு பத்து பத்து எம்பியா காலி பைட் அர்ரே வரிசையா நிக்கும், உள்ள எழுதியிருக்கறது என்னவோ முந்நூறு பைட்தான். இந்த ஹீப் டம்ப் ஜாவா காரங்களுக்கு ரொம்ப பரிச்சயம்.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இதுல நல்ல பாடம். மொதல்ல 1 கேபி பஃபர்தான், பத்தலன்னாதான் 8 கேபி பஃபர், அதுவும் நாலுக்கு மேல கிடையாது, கனெக்‌ஷன் கீப்-அலைவ்ல (அடுத்த ரிக்வெஸ்ட்டுக்காக தொறந்தபடி) சும்மா ஒக்காரப் போனா அந்த பெரிய பஃபர திருப்பி வாங்கிடும். பத்தாயிரம் சும்மா கெடக்கற கனெக்‌ஷனுக்கு சுமார் 2.5 எம்பிதான்னு அவங்க சைட்லயே போட்டிருக்கறது இப்படித்தான் சாத்தியமாகுது. சி காரங்களுக்குன்னு அதுல இன்னொரு வேலையும் உண்டு, பேருக்கு அப்பறம் வர்ற கோலன் மேலயும் மதிப்புக்கு அப்பறம் வர்ற கேரேஜ் ரிட்டர்ன் மேலயும் ஒரு நல் பைட்ட (பூஜ்யம், சி-ல ஸ்ட்ரிங் முடிவோட அடையாளம்) எழுதிடுவாங்க, காப்பி இல்லாமலே சி ஸ்ட்ரிங் ரெடி. பேருக்கான ஹேஷும் பார்ஸ் பண்றப்பவே ஓட்டத்துல போட்டுடறாங்க.

எச்டிடிபி/2 பக்கம் பின்னாடி போறீங்கன்னா ஒண்ணே ஒண்ணு. ஹெச்பேக்ல (அதோட ஹெடர் சுருக்கற முறை) ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் டிஃபால்ட்டா 4096 பைட் டைனமிக் டேபிள் நிக்கும், அதுல போட்ட ஒரு 4 கேபி ஹெடர அப்பறம் ஒத்த பைட்டால எத்தன தடவை வேணாலும் கூப்பிடலாம், 16 கேபி ஃப்ரேம் ஒண்ணு விரிஞ்சா 64 எம்பி. 2016-ல இம்பெர்வா கம்பெனி ஆளுங்க இத ஹெச்பேக் பாம்னு காட்டுனாங்க. லிமிட்ட விரிச்ச சைஸுக்கு வைங்க, வயர்ல வந்த சைஸுக்கு இல்ல.

உங்க லைப்ரரிக்கு நான் பண்ணுவேன்னா இப்படி: கனெக்‌ஷனுக்கு 2 கேபி பஃபர், பத்தலன்னா ஒரு பூல்லருந்து 16 கேபி, அதுக்கும் மேல போனா 431 (ஹெடர் ரொம்ப பெருசுங்கற எரர்) குடுத்து மூடிடறது. 16-பிட் ஆஃப்செட்ல 64 ஹெடருக்கு நிலையான அர்ரே, 512 பைட் ஆகும். ஹோஸ்ட், கன்டென்ட்-லெங்த், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங், கனெக்‌ஷன் நாலையும் பார்ஸ் பண்றப்பவே புடிச்சு தனியா வெச்சுடறது, எப்படியும் லைப்ரரிக்கே வேணும், கன்டென்ட்-லெங்த் ரெண்டு தடவை வேற வேற மதிப்புல வந்தா அங்கயே 400 (தப்பான ரிக்வெஸ்ட்ங்கற எரர்). கோலனுக்கு முன்னாடி ஸ்பேஸ் இருந்தாலும் 400, வேகத்துக்காக இந்த செக்க விட்டுடாதீங்க, ஒரு கம்பேரிசன்தான். ஹேண்ட்லருக்கு துண்டத்தான் குடுக்கணும், ஆனா ஃபங்‌ஷன் பேர்லயே அது தற்காலிகம்னு தெரியணும், பக்கத்துலயே காப்பி எடுத்துத் தர்ற இன்னொரு ஃபங்‌ஷன். டீபக் பில்டுல மட்டும் ஹேண்ட்லர் முடிஞ்ச உடனே பஃபர் முழுக்க 0எக்ஸ்டிடி (0xDD) மாதிரி குப்பைய நெரப்பி விடுங்க, துண்ட வெளில எடுத்துட்டு போனவன் ப்ரொடக்‌ஷன் வரைக்கும் போகாம அவன் மெஷின்லயே மாட்டுவான்.

அளக்கறப்ப ஒரே சின்ன ரிக்வெஸ்ட்ட கோடி தடவை சுத்த விட்டு பாக்காதீங்க, அதுல எல்லாமே கேஷ்ல இருக்கும், எந்த டிசைனும் ஜெயிக்கும். பத்தாயிரம் கனெக்‌ஷன தொறந்து சும்மா போட்டுட்டு ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் நெசமா புடிச்சிருக்கற மெமரி) பாருங்க, அப்பறம் 6 கேபி குக்கியோட ஒரு செட், ஒவ்வொரு பைட்டா வர்ற ஒரு செட், 255க்கும் 65535க்கும் முன்னாடியும் பின்னாடியும் நீளம் வர்ற ஒரு செட்.